ஆறே வருஷம் இருந்த ஸ்டேஷன்: லிவர்பூல் கிரௌன் ஸ்ட்ரீட்

வணக்கம்ங்க! எனக்குப் பின்னாடி ஒரு பார்க் தெரியுது பாருங்க. வெறும் புல்தரைதான். ஆனா 1830-ல இங்கதான் கிரௌன் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் இருந்துச்சு. ரெண்டு பெரிய ஊரை இணைச்ச முதல் நீராவி ரயில் பாதை லிவர்பூல் - மான்செஸ்டர். அதோட லிவர்பூல் முனை இதுதான்!

யோசிச்சுப் பாருங்க, ரயில்வே ஸ்டேஷன்னா எப்படி இருக்கணும்னு அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. இங்கதான் ஒரு பிளாட்பாரம், பக்கத்துலயே டிக்கெட் குடுக்க, உக்காந்து காத்திருக்க ஒரு கட்டடம், தண்டவாளத்துக்கு மேல மரக்கூரைன்னு கட்டினாங்க. இன்னைக்கு நம்ம எழும்பூர்ல பாக்கறதும் இதே அமைப்புதானே? எனக்கு அதை நெனச்சாலே சிலிர்க்குது.

இதுல ஒரு விசித்திரம். ஸ்டேஷனுக்குள்ள எஞ்சினுக்கு அனுமதி இல்ல. இங்கேருந்து எட்ஜ் ஹில்லுக்கு 266 மீட்டர் சுரங்கம். சரிவா இருக்கறதால, பிரேக்கை விட்டா பெட்டிங்க தானா உருண்டு போகும். அங்க போய்த்தான் எஞ்சினை மாட்டுவாங்க. திரும்பி வர்றப்போ, ஒரே இடத்துல நிக்கற நீராவி எஞ்சின் கயிறு கட்டி மேல இழுக்கும்.

திறப்பு விழா செப்டம்பர் 15. அப்போ பிரதமரா இருந்த வெலிங்டன் பிரபு பெட்டியும் இப்படித்தான் உருண்டு போச்சு. அன்னைக்கே வழியில, பார்க்சைடுல தண்ணி பிடிக்க நிறுத்தினப்போ, கீழ இறங்கின லிவர்பூல் எம்.பி. ஹஸ்கிசன் மேல 'ராக்கெட்' எஞ்சின் ஏறிடுச்சு. ராத்திரியே இறந்துட்டார். பாவம்.

சரி, ஏன் மூடினாங்க? இடம்தாங்க பிரச்சினை. ஊருக்கு வெளிய இருந்ததால, நகர மையத்துலேருந்து ஜனங்களைக் குதிரை வண்டி வெச்சுக் கூட்டிட்டு வர வேண்டியிருந்துச்சு. அதனால நகரத்துக்குள்ளயே புதுசா சுரங்கம் வெட்டி, 1836 ஆகஸ்ட்ல லைம் ஸ்ட்ரீட் ஸ்டேஷனைத் திறந்தாங்க. அதோட இங்க பயணிகள் வர்றது நின்னுபோச்சு. அப்புறம் 1972 வரைக்கும் சரக்கு, நிலக்கரி யார்டு.

மான்செஸ்டர் முனையில இருந்த ஸ்டேஷன் கட்டடம் மட்டும் தப்பிச்சு, அருங்காட்சியகத்துல சேர்ந்துடுச்சு. இதுக்கும் அந்தக் கொடுப்பினை இருந்திருக்கலாம்.

அதோ அந்த உயரமான செங்கல் கோபுரம்? அது துறைமுகத்துக்குச் சரக்கு போன வாப்பிங் சுரங்கத்தோட காற்றுப்போக்கி. சுரங்கம் நம்ம காலுக்குக் கீழதான் போகுது!

இப்போ இங்கேருந்து லைம் ஸ்ட்ரீட்டுக்கு நடந்தே போகப் போறேன். எவ்வளவு தூரம்னு நீங்களே பாருங்க, வாங்க.