கூரையில ஆலங்கட்டி, கையில ரெண்டு செக்: எங்க வீட்டு இன்சூரன்ஸ் கதை | டல்லாஸ் வ்லாக்

வணக்கம் மக்களே! உள்ள அம்மா மிக்ஸி ஓட்டிட்டு இருக்காங்க, அதனால வாசல்ல உக்காந்து பேசுறேன். காத்துச் சத்தம் வந்தா பொறுத்துக்கோங்க.

கேமராவைக் கொஞ்சம் மேல தூக்குறேன்... தெரியுதா? அதான் எங்க புதுக் கூரை. போட்டு ஒரு மாசம் ஆச்சு. "கூரை க்ளைம் என்னாச்சு"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, அதுலயும் ஃப்ரிஸ்கோ, ப்ளேனோ, இர்விங் பக்கம் இருக்கிறவங்க. சரி, முழுசா சொல்லிர்றேன். முதல்லயே ஒண்ணு, நான் வக்கீலும் இல்ல, ஏஜென்ட்டும் இல்ல. என் வீடு, என் பாலிசி, டெக்சாஸ் சட்டம், அவ்வளவுதான். வேற மாநிலத்துல இருந்தா கணக்கு மாறும்.

ஏப்ரல் கடைசி, சாயங்காலம் ஆறரை மணி. இங்க மார்ச்ல இருந்து ஜூன் வரைக்கும் இந்த பயம் எப்பவும் உண்டு. போன்ல எச்சரிக்கை அடிச்சதும் ரெண்டு காரையும் கேரேஜ்ல ஏத்திட்டேன். அப்புறம் ஒரு பத்து நிமிஷம், மேல யாரோ ஜல்லி லாரியைக் கவுத்த மாதிரி இருந்துச்சு. அப்பா விருதுநகர்ல இருந்து வந்து மூணு வாரம்தான் ஆச்சு அப்போ. மழை விட்டதும் மனுஷன் புல்லுல இறங்கி ஐஸ் பொறுக்கிட்டு இருக்கார். கோலிக்குண்டு அளவும் இருக்கு, எலுமிச்சம்பழ அளவும் இருக்கு. "உள்ள வாங்கப்பா"ன்னு நான் கத்துறேன், அவர் காதுலயே வாங்கல. அஞ்சாறு கட்டியை டப்பால போட்டு ஃப்ரீசர்ல தேங்காய்த் துருவல் பாக்கெட் பக்கத்துல வச்சுட்டார்.

அது எவ்வளவு பெரிய உதவின்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. மறுநாள் ஒரு குவார்ட்டரை, அதாவது 25 சென்ட் காசைப் பக்கத்துல வச்சு போட்டோ எடுத்தேன். அந்தக் காசோட அகலம் கிட்டத்தட்ட ஒரு இன்ச். ஒரு இன்ச் ஆலங்கட்டின்னாலே இங்க வானிலை ஆபீஸ் அதைக் கடும் புயல் கணக்குல சேர்த்திரும்.

காலைல எந்திரிச்சதும் அப்பா, "ஏணி எங்கப்பா இருக்கு, ஏறிப் பாத்துட்டு வந்துர்றேன்"ங்கிறார். அவருக்குக் கூரைன்னா மொட்டை மாடி, வத்தல் காயப் போடுற இடம். இங்க கூரைன்னா சரிவா பிளைவுட், அதுக்கு மேல ஒரு ஃபெல்ட், அதுக்கு மேல தார் பூசின கண்ணாடிநார் அட்டை, அதுமேல மணல் மாதிரி குருணை ஒட்டியிருக்கும். அந்த அட்டைதான் ஷிங்கிள். இதை விளக்கினதும் அவர் கேட்டார், "இத்தனை லட்சம் கொட்டி வாங்கின வீட்டுக்கு அட்டையிலயாப்பா கூரை?" நான் என்னத்தச் சொல்ல.

நீங்களும் ஏறாதீங்க. சரிவுல குருணை உருளும், கால் வழுக்கும். கீழ இருந்தே பாக்க நிறைய இருக்கு. மழைத்தண்ணி இறங்குற குழாய் வாயில கறுப்பு மணல் குவிஞ்சிருக்கா பாருங்க, அது ஷிங்கிள்ல இருந்து உதிர்ந்த குருணை. கூரை ஓரத்துல மழைத்தண்ணி ஓடுற தகரக் கால்வாய், கூரை வென்ட்னு சொல்ற காத்துப் போக்கி, தபால் பெட்டி, ஏசி வெளி யூனிட்டோட மெல்லிசுத் தகடு, எல்லாத்தையும் போட்டோ எடுங்க. ஷிங்கிள்ல இருக்கிற தழும்பு வயசாலயா அடியாலயான்னு வாதம் வரும். அதே பக்கத்துல தகரம் நசுங்கியிருந்தா அந்த வாதம் சுருக்கா முடியும். எங்களுக்கு மாடி பாத்ரூம் வென்ட் உடைஞ்சு ஒழுகுச்சு, அன்னைக்கே தார்ப்பாய் போட வச்சேன். மேற்கொண்டு சேதமாகாம பாத்துக்கிறது நம்ம பொறுப்புன்னு பாலிசிலயே எழுதியிருக்கும். அந்த ரசீதைத் தொலைச்சிராதீங்க.

மறுநாள் மத்தியானத்துக்குள்ள ஆறு பேர் கதவைத் தட்டிட்டாங்க. போலோ சட்டை, கையில டேப்லெட், வண்டி மேல ஏணி. "இலவசமா பாத்துத் தர்றோம் சார்." அதுல ஒருத்தர் குரலைத் தாழ்த்தி, "டிடக்டிபிள் பத்தி கவலைப்படாதீங்க, அதை நாங்க பாத்துக்கிறோம்"னார். டிடக்டிபிள்னா க்ளைம்ல நம்ம கையில இருந்து போட வேண்டிய பங்கு. மக்களே, இந்த வார்த்தையைக் கேட்டா கதவைச் சாத்துங்க. 2019 செப்டம்பர் 1ல இருந்து டெக்சாஸ்ல இது சட்டப்படி குற்றம். டிடக்டிபிளை நாமதான் கட்டணும், கட்டினதுக்கு ஆதாரம் குடுன்னு இன்சூரன்ஸ் கம்பெனி கேக்கலாம். இன்னொண்ணு, டெக்சாஸ்ல கூரை போடுறவங்களுக்கு மாநில லைசென்ஸ்னு ஒண்ணு கிடையாது. முடி வெட்டுறதுக்கு லைசென்ஸ் வேணும், கூரைக்கு வேண்டாம்! அதனால உள்ளூர்ல எத்தனை வருஷமா இருக்காங்க, வேலைல ஏதாவது சேதமானா ஈடு கட்டுற லயபிலிட்டி இன்சூரன்ஸ் வச்சிருக்காங்களான்னு நாமதான் தோண்டித் துருவணும்.

எங்க தெருவுல ஒருத்தர் "இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும்"னு நினைச்சு டேப்லெட்ல விரலால கையெழுத்துப் போட்டார். படிச்சுப் பாத்தா, க்ளைம் பாஸானா வேலை அவங்களுக்குத்தான்னு ஒப்பந்தம். வீட்டு வாசல்ல போட்ட ஒப்பந்தத்தை மூணு வேலை நாளுக்குள்ள ரத்து பண்ணலாம்னு மத்திய விதி ஒண்ணு இருக்கு. அதை வச்சு எழுதிக் குடுத்துத் தப்பிச்சார். "உங்க சார்பா இன்சூரன்ஸ்ல நாங்களே பேசி வாங்கித் தர்றோம்"னு ரூஃபர், அதான் கூரை போடுறவர், சொன்னாலும் தப்பு. அந்த வேலைக்குப் பப்ளிக் அட்ஜஸ்டர்னு தனி லைசென்ஸ் இருக்கு. அவங்க கட்டணமும் செட்டில்மென்ட்ல 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இனிதான் முக்கியமான இடம். காபி இருந்தா எடுத்துக்கோங்க.

க்ளைம் போடுறதுக்கு முன்னாடி பாலிசியோட முதல் பக்கத்தை, டெக் பேஜ்னு சொல்வாங்க, அதை எடுத்துப் பாத்தேன். எனக்கு டிடக்டிபிள் 2,500 டாலர்னுதான் இத்தனை வருஷமா நினைப்பு. அது தீ, குழாய் வெடிக்கிறது, அந்த மாதிரி விஷயத்துக்கு. காத்துக்கும் ஆலங்கட்டிக்கும் கீழ தனி வரி: 2 சதவீதம். எதுல 2 சதவீதம்? சேதத்துலன்னு நான் நினைச்சேன். இல்லங்க. வீட்டை மறுபடி கட்ட எவ்வளவு ஆகும்னு 'கவரேஜ் A'ங்கிற வரியில போட்டிருக்கே, அந்தத் தொகையில. எனக்கு அது 4,20,000. அப்போ டிடக்டிபிள் 8,400 டாலர்! அந்த நிமிஷம் வயித்துல புளியக் கரைச்சது எனக்கு மட்டும்தான் தெரியும், வீட்டுல சொல்லவே இல்ல. பாலிசி எடுக்கும்போது 1 சதவீதமும் கேட்டிருக்கலாம், பிரீமியம் கொஞ்சம் கூடியிருக்கும். அன்னைக்குப் பிரீமியத்தை மட்டும்தான் பாத்தேன், வேற எதையும் படிக்கல.

அதனால சேதம் எட்டாயிரத்துக்குள்ளன்னா க்ளைமே போட்டிருக்க மாட்டேன். பைசா வராட்டியும் க்ளைம் போட்ட கணக்கு ஏழு வருஷம் வரைக்கும் ரெக்கார்டுல நிக்கலாம். முதல்ல என் காசுல ஒரு உள்ளூர் ரூஃபரை வச்சுப் பாத்தேன். முழுக் கூரையும் மாத்தணும்னு தெரிஞ்சப்புறம்தான் ஆப்ல க்ளைம் போட்டேன். ரொம்ப நாள் தள்ளவும் கூடாது. நிறைய பாலிசில ஒரு வருஷக் கெடு இருக்கும்.

டெக்சாஸ்ல கம்பெனிக்கும் கெடு உண்டு. க்ளைம் வந்த 15 நாளுக்குள்ள வந்துச்சுன்னு ஒத்துக்கிட்டு விசாரணையைத் தொடங்கணும். கேட்ட காகிதம் எல்லாம் போய்ச் சேர்ந்தப்புறம் 15 வேலை நாள்ல ஆமாவா இல்லையான்னு சொல்லணும், ஆமான்னா அஞ்சு வேலை நாள்ல பணம். பெரிய புயல்னு இன்சூரன்ஸ் கமிஷனர் அறிவிச்சா இன்னும் 15 நாள் கூடும்.

சேதத்தைக் கணக்குப் பாக்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்புற அட்ஜஸ்டர் வர்ற அன்னைக்கு என் ரூஃபரையும் வரச் சொல்லிட்டேன். பேரம் பேச இல்ல, அடி விழுந்த இடத்தைக் காட்ட. அட்ஜஸ்டர் ஒவ்வொரு சரிவுலயும் பத்துக்குப் பத்தடி கட்டம் சாக்பீஸால போட்டு, உள்ள எத்தனை அடின்னு வட்டம் போட்டு எண்ணுவார். அப்பா கீழ நின்னு, "பாண்டி ஆடுறாங்கப்பா"ங்கிறார். தெற்குச் சரிவுல நிறைய அடி, வடக்குப் பக்கம் கம்மி.

பத்து நாள்ல எஸ்டிமேட் வந்துச்சு, ஒன்பது பக்கம். மொத்தச் செலவு 21,500. பழைய கூரைக்கு வயசு 11ங்கிறதால தேய்மானம் 6,300 கழிச்சுட்டாங்க. மிச்சம் 15,200. அதுல என் டிடக்டிபிள் 8,400ஐயும் கழிச்சா முதல் செக் 6,800 டாலர். "ஐயோ, 21,000 வேலைக்கு ஆறாயிரமா"ன்னு ஆடிப் போயிராதீங்க. என் பாலிசி புதுசு விலை குடுக்கிற பாலிசி. அதனால வேலை முடிச்சு பில்லைக் காட்டினா அந்தத் தேய்மானக் காசு ரெண்டாவது செக்கா திரும்ப வரும். சில பாலிசில கூரைக்கு மட்டும் தேய்மான விலைதான் குடுப்பாங்க. அப்போ அந்த 6,300 போனது போனதுதான். இந்த வித்தியாசத்தைப் புயல் வர்றதுக்கு முன்னாடியே பாலிசில தேடிப் பாருங்க.

செக் வந்துச்சு, ஆனா அதுல என் பேரோட வீட்டுக் கடன் குடுத்த பேங்க் பேரும் இருக்கு! அவங்க கையெழுத்து இல்லாம போட முடியாது. பேங்க்ல இதைப் பாக்குற துறைக்குப் போன் பண்ணி, எஸ்டிமேட், ஒப்பந்தம், ரூஃபரோட வரி ஃபார்ம், எல்லாம் அனுப்பி, செக்கை தபால்ல அனுப்பித் திரும்ப வாங்க மூணு வாரம். என் பொறுமை போனது இங்கதான். அட்ஜஸ்டர் கூட இவ்வளவு படுத்தல.

பழசைப் பிரிச்சப்போ ரெண்டு இடத்துல பிளைவுட் ஊறியிருந்துச்சு, ஓரத்துத் தகடும் எஸ்டிமேட்ல விட்டுப் போயிருந்துச்சு. மூடுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து சப்ளிமென்ட், அதாவது எஸ்டிமேட்டுக்கு மேல கூடுதல் காசு, கேட்டோம், 1,850 கூடக் குடுத்தாங்க. மூடினப்புறம் கேட்டிருந்தா எதைக் காட்டுவீங்க? ஆக ரெண்டாவது செக் 8,150. கூட்டிப் பாருங்க, மொத்தம் 23,350 வேலை, அவங்க 14,950, நான் 8,400.

புதுசா போட்டது கிளாஸ் 4 ஷிங்கிள். ரெண்டு இன்ச் இரும்புக் குண்டை 20 அடி உயரத்துல இருந்து போட்டு சோதிப்பாங்களாம், விரிசல் விடக் கூடாது. அதுக்கு ஆன கூடுதல் காசு என் கையில இருந்து, ஆனா பிரீமியத்துல தள்ளுபடி உண்டு. தள்ளுபடி வாங்கும்போது சில கம்பெனி ஒரு பேப்பர் நீட்டும், "வெறும் தோற்றச் சேதத்துக்குக் காசு கேக்க மாட்டேன்"னு. படிச்சுட்டு முடிவு பண்ணுங்க. அப்பாகிட்ட "இது ஸ்ட்ராங்குப்பா"ன்னேன். தட்டிப் பாத்துட்டு, "தடிச்ச அட்டை"ன்னார்.

ஆங், கேரேஜ் கதவுப் பள்ளம் பத்தி ஒருத்தர் கேட்டிருந்தீங்க, அது... ஒரு நிமிஷம், வண்டி ஒண்ணு நிக்குது. போலோ சட்டை, ஏணி. அண்ணே, மேல பாருங்கண்ணே, கூரையே புதுசு! இருங்க மக்களே, இவரை அனுப்பிட்டு வர்றேன்.