ஞாபகம் வைத்திருப்பது யார் வேலை?

(தொடக்கப் பள்ளிப் பெற்றோர் – ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அனைவருக்கும் வணக்கம்.

பெற்றோரும் ஆசிரியர்களும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். தனித்தனியாகக் கூட்டம் போட்டிருந்தால் எனக்கு வசதி. ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பெற்றோரிடமும், பெற்றோரைக் குறை சொல்லி ஆசிரியர்களிடமும் கைத்தட்டல் வாங்கிவிட்டுப் போயிருப்பேன். இன்றைக்கு அது நடக்காது.

பள்ளிக்குக் கிளம்புகிற நேரத்தில் ஒரு வீட்டில் கேட்கிற பேச்சைச் சொல்கிறேன். “எழுந்திரு. எழுந்தாச்சா? பல் தேய்ச்சியா? இன்னும் குளிக்கப் போகலையா? டிராயிங் நோட்டு எடுத்து வெச்சியா? தண்ணி பாட்டில் எங்கே? ஒரு சாக்ஸ் இங்கே கிடக்கு, இன்னொண்ணு எங்கே போச்சு? டைரியை இப்பக் கொண்டு வந்து நீட்டுறியே, ராத்திரி என்ன பண்ணிட்டிருந்தே?” சிரிக்கிறீர்கள். அப்படியானால் இது ஒரு வீட்டுப் பேச்சு இல்லை.

இதில் பல் தேய்ப்பது பிள்ளை. குளிப்பது பிள்ளை. நோட்டை எடுத்துப் பையில் வைப்பதும் பிள்ளைதான். கைவேலை அத்தனையும் அதன் தலையில்தான். ஆனால் அடுத்தது என்ன, எது விட்டுப்போயிற்று, மணி என்ன ஆயிற்று என்பதையெல்லாம் மனத்தில் ஓட்டிக்கொண்டிருப்பது அம்மா. பெரும்பாலும் அம்மா, அப்பாக்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வேலையைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, அதை ஞாபகம் வைத்திருப்பதை மட்டும் நாம் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறோம். பொறுப்பில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. சொன்னதும் செய்கிற பிள்ளை சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை. அது நல்லதுதான். ஆனால் சொல்ல ஆள் இல்லாத நாளில் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

அதனால், “எங்க பையனுக்குப் பொறுப்பே வரலை” என்று யாராவது வந்து சொன்னால், நான் திருப்பி ஒன்று கேட்பது வழக்கம். அந்த வேலையை இதுவரைக்கும் ஞாபகம் வைத்திருந்தது யார்?

பிள்ளைகளுக்கு மனமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2006-இல் ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டோமசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒன்றரை வயதுக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பெரியவர் ஒருவர் கையிலிருப்பதைத் தவறவிட்டு, எட்டாமல் கையை நீட்டுவார். அல்லது கை நிறையப் பொருளோடு அலமாரிக் கதவில் போய் முட்டிக்கொண்டு நிற்பார். உதவி செய் என்று யாரும் கேட்கவில்லை, பரிசு என்றும் சொல்லவில்லை. பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே போய் ஏதாவது ஒரு விதத்தில் உதவின. ஒன்றரை வயதில் இருக்கிற அந்த ஆசை எட்டு வயதில் எங்கே போகிறது? மூன்று வயதில் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளையை, “நீ போய் விளையாடு, நான் பண்ணிக்கிறேன்” என்று அனுப்பிவைத்தது நாம்தான். அவசரம். பிள்ளை பெருக்கினால் நாம் இன்னொரு தடவை பெருக்க வேண்டும். புரிகிறது. ஆனால் அதே பிள்ளையை எட்டு வயதில் கூப்பிட்டு, “வீட்டில் ஒரு வேலை செய்யறியா?” என்று கத்துவதில் நியாயம் இல்லை.

சரி, ஞாபகத்துக்கு வருவோம். “மூணு வருஷத்துக்கு முன்னே பார்த்த கார்ட்டூன் ஞாபகம் இருக்கு, நாளைக்கு நோட்டு கொண்டுபோகணும்கிறது ஞாபகம் இல்லையா?” என்று கேட்கிறோம். இரண்டும் வேறு வேறு திறமை. நடந்ததை நினைவுகூர்வது ஒன்று. இனிமேல் செய்ய வேண்டியதை, அந்த நேரம் வரும்போது, யாரும் சொல்லாமல் மனத்துக்குக் கொண்டுவருவது இன்னொன்று. இரண்டாவது திறமை தொடக்கப் பள்ளி வயதில்தான் மெல்ல மெல்ல வளர்கிறது. அதற்கு வேண்டிய மூளையின் முன்பகுதி முழுசாகத் தேறுவதற்கு இருபது வயதைத் தாண்ட வேண்டும். அந்த வளர்ச்சியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. “எட்டு மணிக்குச் செய்” என்பது சின்னப் பிள்ளைக்குக் கஷ்டம். கடிகாரத்தையும் பார்க்க வேண்டும், வேலையையும் நினைத்துக்கொண்டே இருக்க வேண்டும். “சாப்பிட்டுக் கை கழுவினதும் செய்” என்றால் சுலபம். ஒரு செயல் முடிந்ததுமே அடுத்ததை அது நினைவுபடுத்திவிடும்.

இதை அழகாகக் காட்டிய ஒரு ஆய்வு வங்கதேசத்தில் நடந்தது, 2016-இல் வெளியானது. இரண்டு தொடக்கப் பள்ளிகள். கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவிய பிள்ளைகள் நூற்றுக்கு 4 பேர்தான். ஆய்வுக் குழு சுகாதார வகுப்பு எடுக்கவில்லை, கிருமிப் படம் காட்டிப் பயமுறுத்தவில்லை. முதலில் கை கழுவ ஓர் இடம் அமைத்துக் கொடுத்தார்கள். பிறகு கழிப்பறையிலிருந்து அந்த இடம் வரைக்கும் ஒரு பாதை போட்டு வண்ணம் அடித்தார்கள். அதன்மேல் காலடித் தடங்களை வரைந்தார்கள். கை கழுவும் இடத்தில் கைத்தடங்கள். அவ்வளவுதான். இதெல்லாம் முடிந்த மறுநாளே 68 பேர் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது 74 பேர். நான் இந்த மாதிரிக் கூட்டங்களில் கை கழுவுவதைப் பற்றி முழங்கியிருப்பதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு டப்பா பெயிண்டுக்கு ஈடாகாது போலிருக்கிறது.

வீட்டிலும் இதைத்தான் செய்ய வேண்டும். ஞாபகப்படுத்துவதை நம் வாயிலிருந்து எடுத்து ஓர் இடத்துக்கு மாற்ற வேண்டும். புத்தகப் பையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு வயதுப் பிள்ளையின் பையைக் கவிழ்த்துக் கொட்டினால் என்ன விழும்? முனை உடைந்த இரண்டு பென்சில், பாதி ரப்பர், போன வாரம் கொடுத்தனுப்பிய சுற்றறிக்கை, பாட்டில் மூடி சரியாக மூடாததால் ஓரம் நனைந்த டைரி, யாருடையது என்றே தெரியாத ஒரு ஸ்கேல். இந்தப் பிள்ளையைப் பார்த்து, “பையை ஒழுங்கா அடுக்கு” என்றால் அதற்கு ஒன்றும் புரியாது. நமக்கு அது ஒரு வேலை, அதற்கு அது ஆறு வேலை. பழையதை வெளியே எடு. டைம்டேபிளில் நாளைய கிழமையைப் பார். அந்த வரிசையில் நோட்டை எடு. பென்சில் சீவு. டைரியில் கையெழுத்து வாங்கு. பையைக் கதவு ஓரத்தில் வை. இதைப் பிள்ளையே படமாக வரைந்து, பை வைக்கிற இடத்தில், அதன் கண்மட்டத்தில் ஒட்டட்டும். நாம் கடையில் வாங்கி ஒட்டிய அட்டையை அது திரும்பியும் பார்க்காது. காலையில் வேண்டாம், ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் செய்யட்டும்.

முதல் சில நாள் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே செய்யுங்கள். பிறகு உட்கார்ந்து பார்க்க மட்டும் செய்யுங்கள். பிறகு, “அடுத்து என்ன?” என்று மட்டும் கேளுங்கள், பதிலை நீங்கள் சொல்லக் கூடாது. அப்புறம் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். கல்வி உளவியலில் இதற்குச் சாரம் கட்டுதல் என்று பெயர். வுட், புரூனர், ராஸ் ஆகிய மூவரும் 1976-இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து பரவிய பெயர் அது. கட்டடம் எழும்ப எழும்பச் சாரத்தை அவிழ்க்க வேண்டும். நம்மில் பலர் பிரமாதமாகக் கட்டுகிறோம். அவிழ்க்கத்தான் மறந்துவிடுகிறோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் பென்சில் சீவிக் கொடுத்துக்கொண்டிருக்கிற வீடுகள் உண்டு.

எத்தனை நாளில் பழக்கம் படியும்? 21 நாள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவர் குழுவும் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து கவனித்தார்கள், 2009-இல் வெளியிட்டார்கள். ஒரு செயல் யோசிக்காமலே வருகிற அளவுக்குப் படிய ஆன காலம் நடுவாக 66 நாள். ஆனால் ஒருவருக்கு 18 நாள் என்றால், இன்னொருவருக்கு, அந்த 12 வாரத்தில் கண்ட போக்கை நீட்டிக் கணித்தபோது, 254 நாள் ஆகும் என்று வந்தது. அவர்கள் பெரியவர்கள், பிள்ளைகள் இல்லை. இருந்தாலும் பதினைந்தாவது நாளில், “இது தேறாது” என்று கைவிடுகிறவர்களுக்கு அதில் ஒரு செய்தி இருக்கிறது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது.

இனி கஷ்டமான கட்டம். பிள்ளை மறக்கும். நோட்டு வீட்டில் மேசைமேல் கிடக்கும். அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடாதீர்கள். எப்போதாவது ஒரு தடவை ஓடினால் உதவி. ஒவ்வொரு தடவையும் ஓடினால், மறந்தாலும் பரவாயில்லை, ஆள் வரும் என்றுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும். ஆசிரியரிடம் போய், “மறந்துட்டேன், நாளைக்குக் கொண்டு வரேன்” என்று சொல்வது ஏழு வயதுக்குப் பெரிய காரியம். அதைச் சொல்ல விடுங்கள்.

ஆசிரியர்களே, இதில் உங்கள் பங்கு பெரிது. அப்படி வந்து சொல்கிற பிள்ளையை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து அவமானப்படுத்தினால், அடுத்த தடவை அது பொறுப்பைக் கற்காது, பொய்யைக் கற்கும். பெற்றோரை வரச் சொல்லி டைரியில் எழுதுவதும் சரியில்லை. பிள்ளை மறந்ததற்கு அம்மாவுக்கு ஏன் தண்டனை? “நாளைக்கு மறக்காமல் இருக்க என்ன பண்ணப் போறே?” என்று கேட்டு, அது சொல்கிற பதிலை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். வகுப்பு வாட்ஸ்அப் குழு. சாயங்காலம் ஆறு மணிக்கு, “இன்னிக்கு ஹோம்வொர்க் என்ன?” என்று ஒரு அம்மா கேட்கிறார், ஒன்பது அம்மாக்கள் பதில் போடுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வகுப்பில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய அவசியமே பிள்ளைக்கு இல்லாமல் போகிறது. கடைசி மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் டைரி எழுத நேரம் கொடுங்கள். எழுதாமல் வந்த பிள்ளை தன் நண்பனைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். குழுவில் காய்ச்சல், விடுமுறை, மழை மாதிரி விஷயங்கள் இருக்கட்டும்.

பொறுப்பைக் கொடுப்பது வேறு, கைகழுவிவிடுவது வேறு. எல்லாவற்றையும் கொடுத்துவிட முடியாது. பல் ஒரு உதாரணம். ஆறு வயதை ஒட்டி நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கும். பால் பல் விழுந்து அந்த இடத்தில் முளைப்பவை இல்லை அவை. கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால் சத்தமில்லாமல் வருபவை. பல வீடுகளில் அவை வந்ததே தெரியாது. அதையும் பால் பல் என்று நினைத்து, “விழுந்து முளைக்கப் போறதுதானே” என்று விட்டுவிடுகிறார்கள். அவை நிரந்தரப் பற்கள், போனால் போனதுதான். அந்த மூலை வரைக்கும் பிரஷ் போக வேண்டும் என்பது ஆறு வயதுக் கைக்கு எட்டாத வித்தை. ஆகவே ஏழு எட்டு வயது வரைக்கும், பிள்ளை தேய்த்து முடித்ததும் ஒரு பெரியவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். தினமும் இரண்டு வேளை தேய்க்க ஞாபகம் வைத்துக்கொள்வது பிள்ளை வேலை. சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை.

தூக்கமும் அப்படித்தான். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்கும் ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது என்பதைப் பிள்ளையின் விருப்பத்துக்கு விட முடியாது. படுப்பதற்கு முந்தைய வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்பதை விடலாம். செல்போன் விஷயத்தில் நான் ஒரே ஒரு வரிதான் சொல்வேன்: ராத்திரி எல்லோருடைய போனும் படுக்கையறைக்கு வெளியே, நம்முடையதும் சேர்த்து. ஓடியாடும் விளையாட்டு தினமும் சராசரியாக ஒரு மணி நேரமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என்ன விளையாட்டு என்பது பிள்ளையின் இஷ்டம். சாப்பாட்டுக்கு எல்லின் சாட்டர் என்ற உணவியல் வல்லுநர் ஒரு பங்கீடு சொல்லியிருக்கிறார். என்ன சமைப்பது, எப்போது, எங்கே என்பது பெரியவர் முடிவு. எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் முடிவு. தட்டைத் துரத்திக்கொண்டு ஓடுகிறவர்கள் கொஞ்ச நாள் இதைச் செய்து பாருங்கள்.

பரிசு கொடுக்கலாமா என்று எல்லாக் கூட்டத்திலும் கேட்பார்கள். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஒரு மழலையர் பள்ளியில், ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஆசையுள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, அவரவர் இஷ்டத்துக்கு விளையாடும் நேரத்தில் பார்த்தால், சான்றிதழுக்காக வரைந்தவர்கள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். என் கருத்து இதுதான்: துளியும் பிடிக்காத வேலையைத் தொடங்கி வைக்கக் கொஞ்ச நாள் நட்சத்திரம் ஒட்டுங்கள், தப்பில்லை. பிள்ளை ஏற்கெனவே ஆசையாகச் செய்வதற்கு விலை பேசாதீர்கள்.

கடைசியாக, நாம் சொன்ன சொல். 2013-இல் செலஸ்ட் கிட் குழுவினர் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 குழந்தைகளிடம், கொஞ்சம் பொறுத்தால் இதைவிட நல்ல கிரையான் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி வந்தது. மீதிப் பேருக்கு, “மன்னிச்சுக்கோ, இல்லை” என்று வெறுங்கை. பிறகு ஸ்டிக்கரிலும் அதே கதை. அதற்கப்புறம் ஒரு மிட்டாயை முன்னால் வைத்து, சாப்பிடாமல் காத்திருந்தால் இரண்டு என்றார்கள். சொன்னபடி பெற்ற பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். சுயக்கட்டுப்பாடு இல்லை என்று நாம் யாரைச் சொல்கிறோமோ, அந்தப் பிள்ளை சரியாகக் கணக்குப் போட்டிருக்கலாம். “ஞாயிற்றுக்கிழமை கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டு நாம் மறந்த ஞாயிற்றுக்கிழமைகளை அது மறக்கவில்லை.

எல்லாப் பிள்ளையும் ஒரே வேகத்தில் வராது. கவனம் நிலைக்காமல் தவிக்கிற சில பிள்ளைகளுக்குப் படமும் பட்டியலும் பல வருடம் தேவைப்படும். அது சோம்பல் இல்லை.

எங்கே தொடங்குவது என்றால், ஒரே ஒரு வேலையில் தொடங்குங்கள். பையிலோ, பாட்டிலிலோ, எதுவாக இருந்தாலும் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். அது பழகும் வரைக்கும் இரண்டாவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அந்த ஒரு வேலையைப் பற்றி இனிமேல் நீங்கள் ஞாபகப்படுத்தப் போவதில்லை என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திடீரென்று வாயை மூடிக்கொண்டால் அதற்கு அது பழிவாங்குவதாகத் தெரியும். இரண்டு மூன்று நாளில் ஒரு சறுக்கல் வரும். அன்றைக்கு, “நான் அப்பவே சொன்னேன்ல” என்ற வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்து நிற்கும். விழுங்கிவிடுங்கள். சாயங்காலம் அதுவே வந்து, என்ன நடந்தது என்று சொல்லும். சொல்லாவிட்டாலும் குடைய வேண்டாம்.

கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். பின்வரிசையிலிருந்து ஆரம்பிக்கலாம்.