நடக்கிறவருக்கு முதல் இடம்

நேயர்களுக்கு வணக்கம். பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையார் பக்கமெல்லாம் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமுமாக வாழ்கிறவர்களை மனதில் வைத்துப் பேசுகிறேன். உள்ளாட்சியில் ஓவர்சியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ரோடு, ஓடை, ஓடைக்கு மேல் போடும் ஸ்லாப், இவைதான் என் பிழைப்பாக இருந்தன. அதனால் நடைபாதை பற்றிப் பேசக் கூப்பிட்டதும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன்.

நம் ஊர்களில் நடைபாதை என்று தனியாக ஒன்று கிடையாது. ஓடையின் மூடிதான் நடைபாதை. மழைக்காலத்துக்கு முன்னால் சேறு அள்ள அந்த ஸ்லாப்பைத் தூக்குவார்கள். திருப்பி வைக்கும்போது ஒன்று ஏறி நிற்கும், ஒன்று இறங்கி நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஊன்றுகோலின் நுனி மாட்டிக்கொள்ளும் அளவுக்கு இடைவெளி. தூக்குவதற்காகப் பதித்த இரும்பு வளையம் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். வயதான ஒருவர் இரண்டு ஸ்லாப் நடந்து பார்ப்பார், அப்புறம் ரோட்டில் இறங்கிவிடுவார். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். பாலக்காடு சுல்தான்பேட்டை சந்திப்பில் சாயங்காலம் ஐந்து நிமிடம் நின்றால் இதைக் கண்ணால் பார்க்கலாம்.

எவ்வளவு அகலம் வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. ரோடு போட அளவு வகுத்துத் தரும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு 2012-ல் வெளியிட்ட வழிகாட்டி, குடியிருப்புப் பகுதியில் தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர், கடைத்தெருவில் 2.5 மீட்டர் என்கிறது. நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. 1.8 மீட்டர் இருந்தால்தான் எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்க முடியும். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும், நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று சொல்லிவிட்டது. ஆகவே நகரசபை எந்தப் பைலாவை, அதாவது உள்ளூர் விதியை, எழுதினாலும் முதல் வரியில் இந்த அகலம் இருக்க வேண்டும். மிச்ச இடத்தைப் பற்றி மற்றவர்கள் பேசட்டும்.

இடத்தை அடைப்பது யார் என்று கேட்டால் எல்லோரும் தட்டுக்கடையை, அதாவது தெருவோரச் சாப்பாட்டுக் கடையைக் கைகாட்டுகிறார்கள். நான் டேப் பிடித்து அளந்த இடங்களில் பார்த்தது வேறு. கடைக்காரர் முன்னால் இழுத்துக் கட்டிய சிமெண்ட் படி, அதற்கும் முன்னால் வெளியே அடுக்கிய சரக்கு, தகர போர்டு, வரிசையாக நிறுத்திய டூவீலர், நடுவே ஒரு டிரான்ஸ்பார்மர். ஆனால் ஆக்கிரமிப்பு அகற்ற லாரி வரும் அன்று முதலில் ஏறுவது தள்ளுவண்டிதான். வண்டியைத் தூக்க இரண்டு ஆள் போதும். படியை இடிக்க நோட்டீஸ் வேண்டும், கேஸ் வரும், சிபாரிசு வரும். இந்த அநியாயத்தை நான் உள்ளே இருந்தே பார்த்திருக்கிறேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு அக்கா தட்டுக்கடை போடுகிறார். ஐந்து மணிக்குத் தார்ப்பாய் கட்டி, அடுப்பைச் சாலைப் பக்கம் வைத்து, பெஞ்சைக் குறுக்கே போடுவார். அந்த ஒரு பெஞ்சால் மொத்த வழியும் அடைபட்டுவிடும். “பெஞ்சைச் சுவரோரமாத் திருப்பிப் போடலாமே அக்கா” என்றேன். “போட்டுப் பாத்தேன் சாரே. வழி விட்ட இடத்துல உடனே பைக்கைக் கொண்டாந்து நிறுத்திடறாங்க” என்றார். அவர் சொல்வது உண்மை. அவர் விட்டுக்கொடுத்த இடம் நடக்கிறவருக்குப் போய்ச் சேரவில்லை. தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டு, அதற்குள் வண்டியை நிறுத்தினால் அபராதம் என்று வைத்திருந்தால் அந்த அக்காவின் பெஞ்ச் இன்றைக்கும் சுவரோரமாகத்தான் இருந்திருக்கும்.

தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ல் மத்தியச் சட்டமே வந்தது. பலருக்கு அது தெரியாது. உள்ளாட்சி ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் கிளப்பக்கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு. இந்தச் சட்டப்படி அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பறிமுதல் செய்த பொருளைக் கேட்டு வந்தால், அழுகும் பொருளை அன்றைக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். வேலந்தாவளம் சந்தையில் விடிகாலை காய் எடுத்து வந்து விற்பவருக்கு இந்த ஒரு விதி எவ்வளவு பெரிய விஷயம்! ஒரு நாள் தக்காளியை லாரியில் விட்டால் அந்த வார முதலே போச்சு.

இப்போது பெரிய ஹோட்டல்களும் வாசலில் மேசை நாற்காலி போட இடம் கேட்கின்றன. நியூயார்க் நகரம் 2020-ல் கொரோனா சமயத்தில் இதை அவசரமாக அனுமதித்தது. வண்டி நிறுத்தும் இடத்திலெல்லாம் பலகைக் கொட்டகை முளைத்தது. சத்தம், குப்பை, எலி என்று புகார் வந்தது. பிறகு 2023-ல் முறையான சட்டம் போட்டார்கள். நடைபாதையில் வருடம் முழுக்க மேசை போடலாம், ஆனால் நடக்கிறவருக்கு வழி விட்டாக வேண்டும். சாலையில் போடுவது ஏப்ரல் முதல் நவம்பர் வரைதான், குளிர்காலத்தில் கழற்றி எடுத்துவிட வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் வைத்தார்கள். உரிமம் உண்டு, இடத்துக்குக் கட்டணமும் உண்டு.

அங்கே பனி தீர்மானிப்பதை இங்கே வெயிலும் மழையும் தீர்மானிக்கின்றன. மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு உச்சி வெயிலில் யார் வெளியே உட்கார்ந்து சாப்பிடுவார்கள்? ஜூன் பிறந்தால் மழை. நமக்கு மாதக் கணக்கு உதவாது, மணிக் கணக்குதான் சரி. காலையில் காய்க்காரர், சாயங்காலம் தட்டுக்கடை என்று ஒரே இடத்தை நேரம் பிரித்துக் கொடுக்க 2014 சட்டமே வழி வைத்திருக்கிறது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவை 2017 டிசம்பரில் புதுப்பித்துத் திறந்து, உள்ளே வண்டிகள் வரக்கூடாது என்று தடுத்தபோது வியாபாரிகளிடம் எதிர்ப்பு இருந்தது. இன்று கோழிக்கோடு போகிறவர்கள் அந்தத் தெருவில் காலார நடப்பதற்கென்றே போகிறார்கள்.

ஹோட்டல் மேசைகளுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் கண்ணாடிக் கதவு போட்ட ஹோட்டலுக்கு நடைபாதை அழகு, அக்காவின் பெஞ்ச் மட்டும் ஆக்கிரமிப்பு என்று எழுதும் பைலாவை ஏற்க முடியாது. நடப்பவரின் அகலத்தை முதலில் அளந்து ஒதுக்குங்கள். அடுத்து, அங்கேயே பிழைப்பு நடத்துகிறவருக்கு இடம் குறியுங்கள். அதற்கப்புறமும் இடம் இருந்தால் ஹோட்டலுக்கு வாடகைக்குக் கொடுங்கள். வாடகைப் பணத்தில் அந்த ஸ்லாப்புகளைச் சமமாகப் பதியுங்கள்.

இன்னொன்று. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழர்கள் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் தர வேண்டும். தள்ளுவண்டிக்காரர்களில் பலருக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. உங்கள் ஊரில் பைலா வரைவு வந்தால் வார்டு சபைக்குப் போய்த் தமிழ்ப் பிரதி கேளுங்கள். கையில் ஒரு டேப்பும் கொண்டுபோங்கள். உங்கள் தெருவில் நடக்க எத்தனை மீட்டர் மிச்சம் இருக்கிறது என்று அளந்து, அந்த எண்ணை மனுவில் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.