ஒருவருக்கு ஒரு மேசை

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

தனியாகச் சாப்பிடுவதை ஆதரித்துத் தமிழில் பேச எழுந்தால், முதலில் வள்ளுவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ‘விருந்து புறத்ததாத் தானுண்டல் சாவா மருந்தெனினும் வேண்டற்பாற் றன்று’ என்கிறார் அவர். ஈகை அதிகாரத்தில் இன்னும் கடுமை. சேர்த்து வைத்ததைத் தான் மட்டும் தனியே உண்பது, பிறரிடம் கையேந்துவதைவிடக் கொடியது என்கிறார். புறநானூற்றில் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி, இந்த உலகம் இன்னும் நிலைத்து நிற்கிறதென்றால் அதற்கு ஒரு காரணம், இந்திரருடைய அமிழ்தமே கிடைத்தாலும் ‘இனிதெனத் தமியர் உண்டலும் இலரே’ என்று வாழ்கிறவர்கள் இருப்பதுதான் என்று பாடுகிறார்.

பள்ளியிலேயே மனப்பாடம் செய்த வரிகள் இவை. தனியாகச் சாப்பிட உட்காரும்போது மனத்தின் ஒரு மூலையில் லேசான குற்ற உணர்ச்சி எட்டிப் பார்ப்பதற்கு இந்த வளர்ப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் இந்தப் பாடல்களைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். வள்ளுவரின் வாசலில் ஒரு விருந்தாளி காத்திருக்கிறார். உள்ளே ஒருவன் பதுக்கி வைத்துத் தின்கிறான். கோபமெல்லாம் அந்தப் பதுக்கலின் மேல். நகரத்து உணவகத்தில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் யாருடைய பங்கையும் மறைத்து வைக்கவில்லை. வேலை முடிந்து வந்திருக்கிறார், பசிக்கிறது, சாப்பிடுகிறார். அவ்வளவுதான். அவரை அந்தக் குறளின் கூண்டில் ஏற்றுவது நியாயம் இல்லை.

யார் அவர்? இரவுப் பணி முடித்து வருகிறவர். தேர்வெழுத ஊர் விட்டு வந்த பெண். மனைவியை இழந்து, வீட்டில் அடுப்பு பற்ற வைக்க மனமில்லாத பெரியவர். உறவினரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, இடையில் ஒருவாய் சாப்பிட வந்தவர். இவர்களில் பலர் உட்கார்ந்து சாப்பிடக் கூசி, பார்சல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்துத் திறந்தால் என்ன இருக்கும்? மூடிய டப்பாவுக்குள் ஆவி தண்ணீராகி மூடியின் உட்புறம் முத்து முத்தாக நிற்கும். அது சொட்டி, மொறுமொறுப்பாக வறுத்தது எல்லாம் நமுத்துப் போயிருக்கும். சமைத்தவர் அனுப்பிய உணவு வேறு, நம் கைக்கு வருவது வேறு. அதே காசுக்கு, கூச்சம் என்ற ஒன்றுக்காக மட்டும், நாம் தாழ்ந்த உணவைச் சாப்பிடுகிறோம். எனக்கு இது மனத்தை உறுத்துகிற விஷயம். அதனால்தான் இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன்.

சரி, அந்தக் கூச்சம் எதைப் பற்றியது? எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள் என்பதுதானே? இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் உடன் பணியாற்றியவர்களும் செய்த சோதனை 2000ஆம் ஆண்டு வெளியானது. ஒரு மாணவருக்கு, போட்டுக்கொள்ளவே வெட்கப்படும்படியான படம் அச்சிட்ட டிசர்ட் ஒன்றை மாட்டி, பலர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். வெளியே வந்த பிறகு, ‘எத்தனை பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள்?’ என்று கேட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் என்று நினைத்தார்கள் அதைப் போட்டுக்கொண்டவர்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். அது வெட்கப்பட வைக்கவென்றே தேர்ந்தெடுத்த சட்டை. நீங்களோ சாதாரண உடையில், சாதாரணமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறீர்கள். பக்கத்து மேசைக்காரருக்குத் தன் குழந்தை தண்ணீரைக் கொட்டிவிடுமோ என்ற கவலை இருக்கிறது. உங்களைப் பார்க்க அவருக்கு நேரம் ஏது?

இன்னொரு ஆய்வு இதைவிட நம் விஷயத்துக்கு நெருக்கம். ரெபெக்கா ராட்னர், ரெபெக்கா ஹாமில்டன் என்ற இருவர் 2015இல் வெளியிட்டது. ஒரு கலைக்கூடத்துக்குள் போய்க் கொஞ்ச நேரம் படங்களைப் பார்க்கச் சொன்னார்கள். தனியாகப் போகிறவர்கள், துணையோடு போகிறவர்கள் அளவுக்கு இதை ரசிக்க முடியாது என்று முன்கூட்டியே எண்ணினார்கள். போய்விட்டு வந்த பிறகு கேட்டால், இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு ரசித்திருந்தார்கள். தனியாகப் போனால் நன்றாக இருக்காது என்பது வாசலுக்கு வெளியே நின்று போடும் கணக்கு. உள்ளே போனால் அந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பாகிவிடுகிறது.

அப்புறம், உணவகம் என்ற ஏற்பாட்டின் வரலாற்றையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பழைய ஐரோப்பிய விடுதிகளில் ஒரே நீண்ட மேசைதான் இருந்தது. குறித்த நேரத்தில் எல்லாரும் உட்கார வேண்டும், வைத்ததைச் சாப்பிட வேண்டும். தாமதமாக வந்தவருக்கு மிச்சம்தான். 1760களில் பாரிஸ் நகரில் உடம்புக்குத் தெம்பூட்டும் சூப் விற்ற சில கடைகள் இதை மாற்றின. தனித்தனிச் சிறு மேசைகள் போட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் வரலாம். அட்டையைப் பார்த்துத் தனக்கு வேண்டியதைத் தானே சொல்லலாம், தான் சாப்பிட்டதற்கு மட்டும் காசு கொடுக்கலாம். இன்று நாம் உணவகம் என்று சொல்லும் இடத்தின் அடிப்படைகள் எல்லாம் இவைதாம். ஒரு தனி மனிதரின் பசி, நேரம், விருப்பம் ஆகியவற்றை மதித்து உருவான இடம் அது. பெரிய கூட்டமாக வந்து கொண்டாடுவதும் அங்கே நடக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் ஒற்றை ஆள் அங்கே வேண்டாத விருந்தாளி என்று யாராவது நினைத்தால், அந்த இடம் எப்படிப் பிறந்தது என்பதை அவர் மறந்துவிட்டார் என்றுதான் சொல்வேன்.

பழைய ரோமில் லுக்குல்லஸ் என்ற தளபதி இருந்தார். விருந்துகளுக்குப் பேர்போனவர். ஒருநாள் விருந்தாளி யாரும் இல்லை என்பதால் சமையல்காரர் எளிமையாக ஏதோ செய்து வைத்துவிட்டாராம். லுக்குல்லஸுக்குக் கோபம் வந்துவிட்டது. ‘இன்று லுக்குல்லஸ் வீட்டில் லுக்குல்லஸ் சாப்பிடுகிறார் என்பது உனக்குத் தெரியாதா?’ என்று கேட்டாராம். புளூட்டார்க் சொல்லும் கதை இது. அந்த மனிதரின் ஆடம்பரம் நமக்கு வேண்டாம். நான் ஒருவன்தானே என்று எதையோ வயிற்றுக்குள் தள்ளிவிட்டு எழுந்திருக்காத அந்த மரியாதை மட்டும் நமக்கு வேண்டும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். தனியாகச் சாப்பிடும்போது நாக்கில் என்ன நடக்கிறது?

ஒரு கிண்ணம் சூப் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேரோடு இருந்தால், முதல் கரண்டியில் ‘நன்றாக இருக்கிறது’ என்போம். அடுத்த கரண்டி போகும்போது பேச்சு வேறெங்கோ போயிருக்கும். கிண்ணம் எப்போது காலியானது என்றுகூடத் தெரியாது. தனியாக இருக்கும்போது ஆவி முகத்தில் படுவது முதலில் தெரிகிறது. ஊதி, உறிஞ்சி, விழுங்கிய பிறகு மூச்சு வெளியே வருமே, அப்போதுதான் உண்மையான மணம் வருகிறது. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த மணம்தான். வாயின் பின்புறமாக ஏறி மூக்குக்குப் போகிறது. நாக்கு மட்டும் அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் இறைச்சிச் சாறு, காளான் போன்றவற்றில் இருக்கும் உமாமி. மற்றதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. சளி பிடித்தால் சாப்பாடு சப்பென்று இருப்பது அதனால்தான். மெதுவாக மென்று, விழுங்கி, மூச்சை மூக்கு வழியாக விடுங்கள். மூன்றாவது கரண்டியில் மிளகு எங்கே இருக்கிறது, நான்காவதில் அடியில் கிடந்த பூண்டு எங்கே வந்தது என்று தெரியும். சூடு ஆற ஆற உப்பு தூக்கலாகத் தெரியும். ஒரே கிண்ணம், ஆனால் முதல் வாயும் கடைசி வாயும் ஒன்று கிடையாது. சமைத்தவர் எவ்வளவு உழைத்திருக்கிறார் என்பது இப்படிச் சாப்பிடும்போதுதான் எனக்குப் புரிகிறது.

சத்தமும் ருசியைக் கெடுக்கும். காதில் ஹெட்போன் மாட்டி இரைச்சலைக் கேட்க வைத்துச் சாப்பிடச் சொன்ன ஒரு சோதனையில், இனிப்பும் உப்பும் குறைவாகத் தெரிந்ததாக 2011இல் எழுதினார்கள். அதனால் கூட்டம் பிதுங்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்போ பின்போ போவது நல்லது. தனியாகப் போகிறவருக்கு அந்தச் சுதந்திரம் இருக்கிறது, யாருடைய நேரத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் பரிமாறுபவருக்கும் அவசரம் இருக்காது. ‘இன்று எது புதிதாகச் செய்தது?’ என்று கேட்டால் நின்று பதில் சொல்வார்.

கைபேசியைப் பற்றியும் கேட்பீர்கள். ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்போது எடுத்துப் பாருங்கள், தப்பில்லை. தட்டு வந்ததும் பைக்குள் போட்டுவிடுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் சாப்பிட்டது நினைவில் சரியாக நிற்பதில்லை, அடுத்த வேளையில் கூடுதலாகச் சாப்பிடத் தோன்றுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. முதல் சில நிமிடம் கையும் கண்ணும் எங்கே வைப்பதென்று தெரியாமல் தவிக்கும். தட்டைப் பாருங்கள், சமையலறைப் பக்கம் பாருங்கள், தெருவைப் பாருங்கள். அந்தத் தவிப்பு தானே அடங்கும்.

சில நடைமுறைச் சங்கடங்கள் இருக்கின்றன. கை கழுவப் போனால் பையை யார் பார்ப்பது? எழுந்து போனால், சாப்பிட்டு முடித்துவிட்டார் என்று தட்டை எடுத்துவிடுவார்களோ? உட்காரும் முன்பே கை கழுவிவிட்டு வருவது, போகும்போது பரிமாறுபவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது, பையை நாற்காலியில் வைக்காமல் தோளிலேயே எடுத்துப் போவது, இவ்வளவு போதும். அளவு பெரிதாக இருக்குமோ என்று தோன்றினால் பாதி அளவு கிடைக்குமா என்று கேளுங்கள். நாலு பேர் சேர்ந்து போனால் நாலு வகையை ருசி பார்க்கலாம், அது தனி ஆளுக்கு இல்லைதான். அதை நான் மறுக்கவில்லை. இரண்டு சிறிய உணவாகச் சொல்வது ஓரளவுக்கு ஈடு. கழிப்பறைக் கதவருகே உட்கார வைத்தால், ‘அந்த ஜன்னலோர இடம் கிடைக்குமா?’ என்று நிமிர்ந்து கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

பெண்களுக்கு இதில் இன்னொரு சுமை. தனியாக வந்த ஆணை யாரும் எதுவும் கேட்பதில்லை. தனியாக வந்த பெண்ணிடம் ‘கூட யாரும் வரவில்லையா?’ என்று கேட்கிறார்கள். எதிர் மேசையிலிருந்து வெறித்துப் பார்க்கிறார்கள். கொஞ்சம் முன்னால் சொன்னேனே, யாரும் நம்மைப் பார்ப்பதில்லை என்று, அந்த ஆறுதல் எல்லாருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. இங்கே சரிசெய்ய வேண்டியது அந்தப் பெண்ணின் கூச்சத்தை என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி வெறிப்பவரிடம் போய்ப் பேச வேண்டிய பொறுப்பு கடைக்காரருடையது.

கூடிச் சாப்பிடுவது நல்லதில்லையா என்று ஒருவர் கேட்கலாம். நல்லதுதான், மிக நல்லது. மற்றவர்களோடு சேர்ந்து அடிக்கடி சாப்பிடுகிறவர்கள் தங்கள் வாழ்க்கையில் கூடுதல் நிறைவு இருப்பதாகச் சொல்கிறார்கள் என்று 2025ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கையும் எழுதியிருக்கிறது. எல்லா வேளையும் தனியாகவே சாப்பிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இன்றிரவு துணை கிடைக்காத ஒருவருக்கு அந்த அறிக்கை எப்படிச் சோறு போடும்? அவர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவதைவிட, மனிதர்கள் நடமாடும் இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது எவ்வளவோ மேல். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், காபிக் கடையில் இருப்பவரிடம் சிரித்து, கண்ணைப் பார்த்து, இரண்டு வார்த்தை பேசியவர்கள், வாங்கிய கையோடு விரைந்து போனவர்களைவிட மலர்ச்சியோடு வெளியே வந்தார்கள். தனியாகச் சாப்பிடப் போகிறவருக்கு இந்த இரண்டு வார்த்தை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கூட்டமாகப் போகிறவர்கள் பரிமாறுபவரின் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம்.

இந்த அவையில் உணவகம் நடத்துகிறவர்களும் இருப்பீர்கள். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரிகிறது. நாலு பேர் மேசையில் ஒருவர் உட்கார்ந்தால், கூட்ட நேரத்தில் மூன்று இருக்கை வீண். அதற்கு வழி இருக்கிறது. இருவர் மேசைகளாகப் போட்டு, வேண்டும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். சுவரோரமாகவோ ஜன்னலோரமாகவோ ஒரு நீளப் பலகை அடித்து உயரமான நாற்காலிகள் போடுங்கள், அதில் சாய்மானம் இருக்கட்டும், பெரியவர்களும் உட்கார வேண்டும். பை மாட்ட ஒரு கொக்கி வையுங்கள். பாதி அளவு உணவு உண்டு என்றால் அட்டையிலேயே எழுதிவிடுங்கள், வாய்விட்டுக் கேட்கப் பலருக்குத் தயக்கம். இடம் இல்லாமல் இன்னொருவர் மேசையில் உட்கார வைப்பதென்றால், முதலில் வந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்கார வையுங்கள். தனியாக வருகிறவர் சாப்பாட்டுக்காகவே வருகிறவர். ருசி பிடித்துப்போனால் அடுத்த வாரமும் வருவார், அதே இடத்தில் உட்காருவார், பெயர் தெரியாவிட்டாலும் அவருக்கு எது பிடிக்கும் என்பது உங்கள் ஆட்களுக்குத் தெரிந்துபோகும்.

இதைப் பற்றி உங்கள் அனுபவங்களையும் கேட்க விரும்புகிறேன். இன்னும் நேரம் இருக்கிறது, சொல்லுங்கள்.