சுற்றி நிற்பவர்களிடம் சில வார்த்தைகள்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பெற்றோருக்கும் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கு வணக்கம். பின்வரிசையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கச்சிகளுக்கும் வணக்கம். நான் பேச வந்தது முக்கியமாக உங்களோடுதான்.

பகடிவதை என்றால் அடித்தவன், அடிபட்டவன் இருவரைத்தான் விசாரிக்கிறோம். சுற்றி நின்றவர்களை யாரும் கேட்பதில்லை. கனடாவின் டொராண்டோவில் ஆய்வாளர்கள் பள்ளித் திடல்களில் நடப்பதைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். 2001இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, பெரும்பாலான சம்பவங்களில் மற்றப் பிள்ளைகள் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் குறுக்கிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட தடவை பத்து விநாடிக்குள் எல்லாம் நின்றுபோனது. பத்தே விநாடி! ஆனால் குறுக்கிட்டவர்கள் கொஞ்சம்தான். வம்பு செய்கிறவனுக்குச் சிரிக்க ஆள் வேண்டும். பின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கீவா' என்ற பகடிவதைத் தடுப்புத் திட்டமும் சுற்றி நிற்கும் அந்தக் கூட்டத்தைத்தான் குறிவைக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஒரு வகுப்பில் பத்துப் பதினைந்து பேர்தான். ஆசிரியருக்குத் தாத்தா பெயர்வரை தெரியும். அங்கே படித்த பிள்ளை, படிவம் ஒன்றில் சேர, ஆயிரம் பேர் படிக்கும் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. மலாய் பேசும்போது தடுமாற்றம், பழைய சப்பாத்து, கறுத்த நிறம், 'எஸ்டேட் பையன்' என்ற பட்டம். கேலி பள்ளிப் பஸ்ஸிலேயே தொடங்கிவிடும். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, கேலி செய்கிறவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் அதே தோட்டத்திலிருந்து அதே பஸ்ஸில் ஏறியவர்கள்!

தம்பி, நீ சண்டைக்கு நிற்க வேண்டாம். "டேய் போதும், விடு" என்று சொல்லி, மாட்டிக்கொண்டவனைக் கையோடு கூட்டிக்கொண்டு நகர்ந்துவிடு. அதற்குப் பயமா? சரி, சிரிக்காதே, படம் எடுக்காதே. அப்புறம் ஆசிரியரிடம் போய்ச் சொல். வந்த வீடியோவை வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுகிறவனும் கூட்டத்தில் ஒருவன்தான்.

சட்டமும் மாறியிருக்கிறது. 2024இல் இணையத்தில் வந்த வசை தாங்காமல் நம் இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். வழக்கில் ஒருவருக்குக் கிடைத்தது 100 ரிங்கிட் அபராதம். ஊரே கொதித்தது. தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025 ஜூலையில் நடப்புக்கு வந்தன. ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கில் மிரட்டினாலோ இழிவாகப் பேசினாலோ மூன்றாண்டுவரை சிறை கிடைக்கலாம்.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை அழுதுகொண்டு வந்தால் "நீயும் திருப்பி அடிக்க வேண்டியதுதானே" என்கிறோம். அடிக்க முடிந்தால் அவன் ஏன் அழுகிறான்? அடுத்த முறை சொல்லவே மாட்டான். யார், எங்கே, எப்போது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். மோசமான குறுஞ்செய்திகளைக் கோபத்தில் அழிக்காமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வகுப்பாசிரியரையும் ஆலோசக ஆசிரியரையும் பாருங்கள். அங்கே அசையவில்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலகம் இருக்கிறது. 15999 என்ற 'தாலியான் காசே' அரசு உதவி எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

புகார் உங்கள் பிள்ளைமேல் வந்தால்? மாமன் மச்சானைத் திரட்டிக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போகாதீர்கள். முதலில் வீட்டில் உட்கார்ந்து, அவன் கைப்பேசியில் உள்ள குழுக்களை அவனையே திறந்து காட்டச் சொல்லுங்கள்.