இரண்டு அட்மிரல்களும் செனட்டும்

நேயர்களுக்கு வணக்கம். ராணுவ ஆராய்ச்சி என்று பேச்சு எடுத்தாலே என்ன ஆயுதம், எவ்வளவு தூரம் பாயும், எத்தனை கோடி செலவு என்றுதான் கேட்கிறோம். அதை நடத்துகிற ஆள் யார், அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார், சரியில்லை என்றால் எழுப்பி அனுப்ப யாருக்கு அதிகாரம், இதெல்லாம் அநேகமாக விட்டுப்போய்விடுகிறது. அமெரிக்காவில் இந்தக் கேள்வி பெரிதாக வெடித்த இரண்டு கதைகளை இன்றைக்குச் சொல்கிறேன். இரண்டிலும் ஆள் கடற்படை அட்மிரல். ஒருவரை அந்த நாட்டு நாடாளுமன்றம் போகவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டது. இன்னொருவரை வீட்டுக்கு அனுப்பியது.

முதலாமவர் ஹைமன் ரிக்கோவர். போலந்தில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர், அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பலைக் கட்டியே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றவர். வாய் கொஞ்சம் அதிகம், அதனால் மேலதிகாரிகளுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. 1951லும் 1952லும் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. இரண்டு முறை விட்டுப்போனால் ஓய்வு வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான், அதுதான் விதி. அவர் கட்டிக்கொண்டிருந்த அணுசக்தி நீர்மூழ்கியான நாட்டிலஸோ அப்போது பாதிக் கட்டுமானத்தில் நிற்கிறது.

1953ல் சிட்னி யேட்ஸ் என்ற சிகாகோ உறுப்பினர் கீழவையில் இதை எழுப்பினார். மேலவையான செனட் இன்னொரு படி மேலே போனது. அட்மிரலாக யாரை உயர்த்தினாலும் செனட் சம்மதிக்க வேண்டும் அல்லவா, அந்தப் பிடியை வைத்துக்கொண்டு, உயர்வுக்குக் காத்திருந்த மற்ற கேப்டன்களின் பட்டியலை ராணுவ விவகாரக் குழு அப்படியே கிடப்பில் போட்டது. கடற்படை இறங்கி வந்தது. அணுசக்தி உந்து இயந்திரத்தில் அனுபவம் உள்ள ஒரு பொறியியல் கேப்டனைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தேர்வுக் குழுவுக்கு உத்தரவு போனது. கடற்படை முழுக்கத் தேடினாலும் அந்தத் தகுதிக்கு ஒரே ஒருவர்தான் தேறுவார். நேராகப் பெயரையே எழுதியிருக்கலாம், ஆனால் அலுவலகக் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே!

1954 ஜனவரியில் நாட்டிலஸ் தண்ணீரில் இறங்கியது. செனட் செய்தது சரி என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அப்புறம் நடந்ததையும் பார்க்க வேண்டும். ரிக்கோவர் 82 வயது வரை, 1982 வரை, பணியில் இருந்தார். காங்கிரஸில், அதாவது அந்த நாட்டு நாடாளுமன்றத்தில், அவருக்கு அவ்வளவு செல்வாக்கு. அவர் ஓய்வு பெற்ற பிறகுதான், நீர்மூழ்கி கட்டிக்கொடுத்த ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனத்திடமிருந்து பல ஆண்டுகளாக 60,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள அன்பளிப்புகள் அவருக்குப் போயிருந்தது வெளியே வந்தது, 1985ல் கடற்படைச் செயலர் அவரை எழுத்து மூலம் கண்டித்தார். நாமே காப்பாற்றிக் கொண்டுவந்த ஆளைக் கணக்குக் கேட்க யாருக்கு மனசு வரும்?

சரி, இரண்டாமவர். ஜான் பாயின்டெக்ஸ்டர். கால்டெக்கில் இயற்பியல் முனைவர் பட்டம், அதிபர் ரீகனிடம் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர். மூளைக்குக் குறைவே இல்லை. ஆனால் ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணம் நிகரகுவா கிளர்ச்சியாளர்களுக்குப் போன விவகாரத்தில் காங்கிரஸிடம் பொய் சொன்னது உட்பட ஐந்து குற்றங்களில் 1990ல் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. அடுத்த ஆண்டே மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானது. காரணம், சொல்வதை அவருக்கு எதிராகப் பயன்படுத்த மாட்டோம் என்ற பாதுகாப்பின் பேரில் காங்கிரஸ் முன்பு அவர் சொன்ன சாட்சியம் வழக்கிலும் கலந்துவிட்டது என்பது. அவர் உண்மை பேசினார் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

அந்த ஆளை 2002 தொடக்கத்தில் டார்ப்பாவில் கொண்டுவந்து உட்கார வைக்கிறார்கள். டார்ப்பா என்பது சோவியத் நாடு ஸ்புட்னிக்கை அனுப்பிய அதிர்ச்சியில் 1958ல் தொடங்கிய ராணுவ ஆராய்ச்சி நிறுவனம். அவர் கையில் கொடுத்த திட்டமோ, வங்கிப் பரிவர்த்தனை, விமான டிக்கெட், மருத்துவப் பதிவு என்று கிடைக்கும் தகவலையெல்லாம் துழாவித் தீவிரவாதியைக் கண்டுபிடிப்பது. அலுவலகச் சின்னத்தைக் கேளுங்கள்: ஒரு பிரமிடு, அதன் உச்சியில் ஒரு கண், அந்தக் கண் உலக உருண்டையையே பார்த்துக்கொண்டிருக்கும். இதை வரைந்தவரை விடுங்கள், ஓகே சொன்னவர் யாரோ!

இந்த நியமனத்தில் காங்கிரஸை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. டார்ப்பாவின் இயக்குநருக்கே செனட் ஒப்புதல் தேவையில்லை, அவருக்குக் கீழே ஓர் அலுவலகத் தலைவருக்கு எங்கிருந்து வரும்? ரிக்கோவர் விஷயத்தில் இருந்த பிடி இங்கே இல்லவே இல்லை. மிச்சம் இருந்தது பணம் ஒன்றுதான்.

ஓரிகன் செனட்டர் ரான் வைடன் 2003 ஜனவரியில் அந்தப் பணத்தைப் பிடித்தார். குறித்த கெடுவுக்குள் அறிக்கை தராவிட்டால் நிதி நிற்கும், காங்கிரஸ் அனுமதி இல்லாமல் அமெரிக்கக் குடிமக்கள் மீது இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அவர் கொண்டுவந்த திருத்தத்துக்கு செனட்டில் ஓர் எதிர்ப்புக்கூட இல்லை. மே மாதம் அறிக்கை வந்தது, திட்டத்தின் பெயரில் 'மொத்தத் தகவல்' என்று இருந்தது 'தீவிரவாதத் தகவல்' என்று மாறியிருந்தது. கடை அதேதான், போர்டு மட்டும் புதுசு.

ஜூலையில் அந்த அலுவலகத்திலிருந்து இன்னொன்று கிளம்பியது. மத்திய கிழக்கில் என்ன நடக்கும், எந்த ஆட்சி கவிழும் என்று பணம் கட்டி ஊகிக்கிற ஒரு சந்தை. வைடனும் இன்னொரு செனட்டர் பைரன் டார்கனும் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுச் சொன்ன மறுநாளே பென்டகன் அதை மூடிவிட்டது. பாதுகாப்புத் துறையில் இரண்டாம் இடத்தில் இருந்த பால் வுல்ஃபோவிட்ஸ், இதைப் பத்திரிகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாக செனட்டர்களிடமே சொன்னார். எனக்கு அந்தச் சந்தையைவிட இந்தப் பதில்தான் பயத்தைக் கொடுத்தது. ஆகஸ்டில் பாயின்டெக்ஸ்டர் விலகினார், செப்டம்பரில் திட்டத்துக்கு நிதி இல்லை என்று சட்டமே வந்துவிட்டது.

இதெல்லாம் நடந்ததால், இனி டார்ப்பா இயக்குநரையும் செனட் ஓட்டுப்போட்டுத்தான் நியமிக்க வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கட்சிச் சண்டையில் நாற்காலி மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும், நல்ல விஞ்ஞானி யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார், போதாததற்கு ரிக்கோவரைப் போல இன்னொரு செல்லப்பிள்ளையும் உருவாகலாம். வைடன் செய்தது மேல். ஒரு தேதி, அந்தத் தேதியோடு முடிச்சுப் போட்ட பணம், அவ்வளவுதான்.

அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. திட்டத்தை நிறுத்திய அதே சட்டத்தின் ரகசிய இணைப்பில், சில கருவிகள் வேறு உளவு அமைப்புகளுக்குப் போக வழி விட்டிருந்தார்கள். அவை புதுப்பெயர்களில் தேசியப் பாதுகாப்பு முகமையின் பக்கம் போனதாக 2006ல் பத்திரிகைகள் எழுதின. 2013 மார்ச்சில் அதே வைடன், கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் தகவலை அந்த முகமை திரட்டுகிறதா என்று உளவுத்துறைத் தலைவர் ஜேம்ஸ் கிளாப்பரிடம் பகிரங்கமாகக் கேட்டார். இல்லை என்றார் கிளாப்பர். அந்தப் பதில் தவறு என்று வைடனுக்கு அப்போதே தெரியும். உளவுத்துறையைக் கண்காணிக்கும் செனட் குழுவின் உறுப்பினராக ரகசியமாகத் தெரிந்துகொண்டது என்பதால் வெளியே சொல்ல ரகசியக் காப்பு விதிகள் இடம் தரவில்லை. ஜூனில், அந்த முகமைக்கு ஒப்பந்த ஊழியராக வேலை பார்த்த எட்வர்ட் ஸ்நோடன் கொடுத்த ஆவணங்கள் பத்திரிகையில் வந்த பிறகுதான் அவரால் வாய் திறக்க முடிந்தது.

வணக்கம்.