பழைய தூர் மெஷினும் ஆறிய இன்ஜினும்

வணக்கம். தென்னையை வெட்டினால் மரத்தை வியாபாரி ஏற்றிக்கொண்டு போய்விடுவார், தூர் நம் தலையில்தான். சோழவந்தான் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அது மக்க ஆரம்பித்தால் காண்டாமிருக வண்டு வந்து முட்டை போடும், அப்புறம் பக்கத்து மரத்துக் குருத்தைத் துளைக்கும். ஜேசிபி விட்டுப் பெயர்க்கலாம்தான், ஆனால் காம்பவுண்டுச் சுவர் ஓரத்திலும் சொட்டுநீர்க் குழாய் ஓடுகிற இடத்திலும் ஜேசிபி வந்தால் தூரோடு வேறு என்னென்னவோ சேர்ந்து போகும். அந்த மாதிரி இடத்துக்குத்தான் தூர் அரைக்கிற மெஷின், ஸ்டம்ப் கிரைண்டர். பல் வைத்த சக்கரம் ஒன்று சுற்றித் தூரைச் சீவித் தூளாக்கும், அவ்வளவுதான். புதிது வாங்கக் கட்டுப்படியாகாது என்று, வாடகைக்கு ஓட்ட நினைக்கிற பையன்கள் பழசைத் தேடுகிறார்கள். இன்றைக்குப் பேச்சு அவர்களுக்கு.

முதலில், நீங்கள் போய்ச் சேரும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். இதை இன்னும் இரண்டு தடவையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மச்சான் மகனோடு வாடிப்பட்டிக்கு அப்பால் ஒரு மெஷின் பார்க்கப் போனேன். விற்கிறவர் வாசலிலேயே நின்றார், நல்ல மனிதர், வந்ததும் மோர் கொடுத்தார். கயிற்றை ஒரு இழு இழுத்தார், பிடித்துக்கொண்டது. "பாத்தீங்களா மாமா, ஒரே இழுப்பு"ன்னு பையனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் சைலன்சர் பக்கம் கையைக் கொண்டுபோனேன், தொடாமலே அனல் அடித்தது. நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்! "அண்ணே, நாங்க சாப்பிட்டுட்டு வந்துடுறோம், அதுவரைக்கும் யாரும் தொட வேண்டாம்" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது, சிரித்தார். வெயில் சாய்ந்தபின் திரும்பி வந்து பையனையே இழுக்கச் சொன்னேன். இழுத்தான், இழுத்தான், சட்டை நனைந்ததுதான் மிச்சம். ஒருவழியாகப் பிடித்தபோது குப்பென்று நீலப் புகை. நீலம் என்றால் உள்ளே ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, பெரும்பாலும் ஏர் ஃபில்டர் அடைப்பு, அது சின்ன விஷயம். சூடான இன்ஜினில் பல நோய் மறைந்துகொள்ளும். அதனால்தான் ஆறியிருக்க வேண்டும் என்கிறேன்.

அவர் விலையைக் குறைக்கத் தயாராக இருந்தார், பையனும் தலையாட்டப் போனான். நான் பிளக் வயரைக் கழற்றிவிட்டு (இதைச் செய்யாமல் சக்கரத்தில் கை வைக்கவே கூடாது) சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழுமாக அசைத்தேன். ஆட்டம் இருந்தது. சுற்றிவிட்டால் கரகரவென்று சத்தம். பேரிங் போய்விட்டது. தென்னந்தூர் அரைத்த மெஷினில் இதை அதிகம் பார்க்கலாம், நார் சக்கரத்தின் தண்டில் சுற்றிக்கொண்டு பேரிங்கை மூடியிருக்கிற சீல் வளையத்தைக் கிழித்துவிடும், அப்புறம் மண் உள்ளே போகத் தடையேது? வேண்டாம் என்று கிளம்பிவிட்டோம்.

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்போம் இல்லையா, இதற்கும் பல்தான். நுனியில் கார்பைடு என்கிற கெட்டியான துண்டு இருக்கும், மண்ணும் கல்லும் பட்டு மழுங்கும். மழுங்கினால் மாற்றிக்கொள்ளலாம், கவலையில்லை. பல்லைப் பூட்டுகிற இடம் தேய்ந்திருக்கிறதா, போல்ட் துளை அகன்றிருக்கிறதா என்று பாருங்கள், அங்கே தேய்ந்திருந்தால் சக்கரத்துக்கே செலவு. ஒரு பல் இல்லாமல் ஓட்டியிருந்தாலும் சக்கரம் உதறி உதறிப் பேரிங்கைத் தின்றிருக்கும். புது பெயிண்ட் பளபளவென்றிருந்தால் அதற்கடியில் விரிசல் இருக்கிறதா என்று வெல்டிங் இணைப்புகளை விரலால் தடவிப் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டுகிற மீட்டரை நம்பாதீர்கள், கைப்பிடி ரப்பர் தேய்ந்திருக்கிறதா பாருங்கள், அது பொய் சொல்லாது.

அப்புறம் ஒரு தூரை அரைத்துக் காட்டச் சொல்லுங்கள். சும்மா ஓடவிட்டால் எல்லா மெஷினும் நன்றாகத்தான் ஓடும். சீமைக்கருவேலத் தூராக இருந்தால் நல்லது, கட்டை அப்படிக் கெட்டி. 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கருவேலத்தை அகற்றச் சொன்னபோது ஊரெல்லாம் வெட்டினோம், பல இடத்தில் அடியிலிருந்து திரும்பத் துளிர்த்தது, மேலோடு வெட்டினால் அப்படித்தான். சரி, நான் எங்கேயோ போகிறேன். அரைக்கும்போது ரப்பர் கருகுகிற வாசம் வந்தால் பெல்ட் வழுக்குகிறது.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் முடிகிறதாம். ஹைட்ராலிக் வைத்த மெஷின் என்றால் ஹோஸில் கசிவைக் கையால் தேடாதீர்கள், அந்த அழுத்தத்தில் ஆயில் தோலைத் துளைத்துவிடும், ஒரு காகித அட்டையை நீட்டிப் பாருங்கள். பில் கேளுங்கள், இன்ஜின் நம்பரை ஒப்பிடுங்கள். ஆறிய இன்ஜின், மறந்துவிடாதீர்கள். இன்னொன்று, ஒரு பல்லைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், அது நம் பக்கம் கிடைக்கிறதா என்று கடையில் விசாரித்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். வணக்கம்.